கரி படியாத சதுரங்கள்

ஆளில்லாத வீடுகளுக்குள் படம் பிடிக்கப் போகிறேன் என்றால், நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி “பேய் இருந்ததா?” என்பதுதான்! அதற்குக் காரணம் உண்டு. எங்கள் தென் செபராங் பிறை வட்டாரத்தில், நிபோங் திபால் அருகே கெலிடோனியா தோட்டத்தில் ‘99 கதவு மாளிகை’ இருக்கிறது. கரும்புத் தோட்ட முதலாளிகளான ராம்ஸ்டன் குடும்பத்தாரின் பங்களா அது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ராம்ஸ்டன் 1948-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பாழடைந்த அந்த மாளிகையைப் படம் பிடிக்கப் பலர் தேடிப் போயிருக்கிறார்கள்.

துரை வீட்டுக்குப் பெயர் உண்டு, கதையும் உண்டு. தோட்டத்தில் உழைத்தவர்களின் லயத்து வீடுகளுக்கு என்ன உண்டு?

19ஆம் நூற்றாண்டில் பத்து காவானுக்கு வந்த நம்மவர்கள் கரும்பு வெட்டினார்கள். அடுத்தடுத்த தலைமுறைகள் பால்மரம் சீவின, செம்பனைக் குலை அறுத்தன. இன்று பத்து காவான் என்றால் 2014-இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளப் பாலமும், தொழிற்சாலைகளும், 2019-இல் வந்த ஐக்கியா கடையும்தான் நினைவுக்கு வருகின்றன. வளர்ச்சி வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால், இடிபடும் லயத்தின் உட்புறத்தை யாரும் பதிவு செய்வதில்லையே!

பாட்டி வாழ்ந்த லயத்தில் எஞ்சியிருந்த ஒரு வரிசை வீடுகளை, அனுமதி பெற்று, காலை வெயில் வாசலில் விழும் நேரத்தில் படம் பிடித்தேன். சன்னல் வெளிச்சத்துக்கு ஏற்பக் கருவியை அமைத்தால் சுவர் இருண்டுவிடும். ஆகவே முக்காலியில் நிறுத்தி, சுவருக்கே வெளிச்சத்தை அளந்தேன். அடுப்புப் புகையால் கறுத்த பலகைச் சுவரில் மூன்று சதுரங்கள் மட்டும் வெளுத்திருந்தன. எனக்கு அவை வெறும் சதுரங்கள்தாம்.

படத்தைப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்துச் சொன்னார்:

“இது முருகன் படம் மாட்டின எடம்யா. இது ஒன் தாத்தா படம். நடுவுல இருக்கிறது ஒங்கப்பா ஆறாம் வகுப்புல வாங்குன நற்சான்றிதழு. கண்ணாடி போட்டு மாட்ட பெரட்டுக் காசுல மிச்சம் புடிச்சேன்.”

அந்தச் சான்றிதழைப் பற்றி அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. சில மாதங்களில் அந்த வரிசையும் இடிக்கப்பட்டது. இன்று அந்தச் சுவர் இருப்பது என் படத்தில். அதன் பொருள் இருப்பது பாட்டியின் சொல்லில். இரண்டில் ஒன்று போனாலும் மற்றது ஊமைதான்.

நண்பர்களே, படம் பிடிப்பது பாதி வேலைதான். அடுத்த விடுமுறையில் உங்கள் தோட்டத்துப் படங்களை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழில், அவர்கள் சொன்னபடியே, ஒவ்வொரு படத்தோடும் எழுதி வையுங்கள். லயத்தை இடிக்க ஒரு நாள் போதும். பெரியவர்களும் நமக்காக நெடுநாள் காத்திருக்க மாட்டார்கள்.