கணையத்தில் ஒரு அனாமத்துக் கணக்கு

வேடசந்தூர் பக்கம் விலாவில் சுருக்கென்று வலித்தால் முதல் சந்தேகம் சிறுநீரகக் கல் மீதுதான். திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறி ஸ்கேன் எடுப்பார்கள். சில சமயம் யாருமே தேடாத ஒன்று அதில் தெரிந்துவிடும்... கணையத்தில் சின்னதாய் ஒரு கட்டி!

ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் இப்படித்தான் தெரிந்தது. 2003 அக்டோபரில் சிறுநீரகத்தைப் பார்க்க சி.டி. ஸ்கேன் எடுத்தார். சிறுநீரகத்தில் கோளாறு இல்லை. கணையத்தில் ஒரு நிழல் இருந்தது.

சீக்கிரம் தெரிந்தது நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் கட்டி இருப்பது தெரியும். அது என்ன கட்டி என்பது தெரியாது! வேகமாகப் பரவும் புற்றுநோயாக இருக்கலாம். ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றி, பெரும்பாலும் மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் கட்டியாக இருக்கலாம். பிறவியிலேயே கணையத்துக்குள் தங்கிவிட்ட மண்ணீரல் துணுக்குகூட கட்டி மாதிரி வேஷம் போடும்.

கணையம் இருப்பதோ இரைப்பைக்குப் பின்னால். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனை குடலில் உள்ள வாயு மறைத்துவிடும். அதனால் முனையில் ஸ்கேன் கருவி உள்ள எண்டோஸ்கோப்பி குழாயை வாய் வழியாக இறக்கி, ஊசியால் செல்களை எடுக்கிறார்கள். கட்டி ஒரு சென்டிமீட்டர்தான் என்றால் ஊசி சரியாகப் பட வேண்டும், போதுமான செல்லும் வர வேண்டும். 'புற்றுநோய் இல்லை' என்று ரிசல்ட் வந்தாலும், ஊசி தவறிவிட்டதோ என்ற சந்தேகம் பாக்கி இருக்கும்.

பேசாமல் வெட்டி எடுத்துவிடலாமே? கணைய ஆபரேஷன் சாதாரணமானது அல்ல. கணைய நீர் கசியலாம், சர்க்கரை நோய் வரலாம். அதனால் ஹார்மோன் தொந்தரவு தராத, 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த சில நியூரோஎண்டோகிரைன் கட்டிகளை ஆபரேஷன் செய்யாமல், குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் உண்டு.

காமர்ஸ் மாணவர்களுக்கு அனாமத்துக் கணக்கு தெரியும். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால், பிழை தெரியும்வரை வித்தியாசத்தை அதில் போட்டு வைப்பார்கள். போட்டுவிட்டு மறந்துபோவதற்கு அல்ல, தேடிக்கொண்டே இருப்பதற்கு!

ஜாப்ஸுக்கு பயாப்ஸியில் மெதுவாக வளரும் வகை என்று தெரிந்தது. டாக்டர்கள் ஆபரேஷன் செய்யச் சொன்னார்கள். அவரோ பத்தியம், மாற்று வைத்தியம் என்று ஒன்பது மாதம் கடத்தி, 2004 ஜூலையில்தான் சம்மதித்தார். 2011 அக்டோபர் 5 அன்று இறந்தார். முன்பே செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் கண்காணிப்பில் காத்திருப்பது வேறு, தானாகத் தள்ளிப்போடுவது வேறு.

வேடசந்தூர் புகையிலை விளையும் பூமி. புகையிலை ஆராய்ச்சி நிலையமே அங்கு இருக்கிறது. கணையப் புற்றுநோய்க்குப் புகையிலையும் ஒரு காரணம். எனவே வலி நின்றுவிட்டது என்று ரிப்போர்ட்டை மஞ்சப்பையில் சுருட்டி வைத்துவிடக் கூடாது. கட்டி எத்தனை மில்லிமீட்டர்? அடுத்த பரிசோதனை எது? எப்போது? இந்த மூன்றையும் டாக்டரிடம் கேட்டு, அந்த ரிப்போர்ட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டால் போதும். மறதிக்கு இடமிருக்காது.