எடைக்கல்லை மாற்றி வைத்தவன்

அந்த எக்ஸெல் ஷீட்டில் நான் மாற்றியது இரண்டே இரண்டு எண்கள். ‘கற்பது எளிது’ என்ற வரிசைக்கு 10 மதிப்பெண் ஒதுக்கியிருந்தேன். அதை 25 ஆக்கினேன். ‘மாறியதை மட்டும் மாற்றும் திறன்’ என்ற வரிசைக்கு 20 இருந்தது. அதை 5 ஆக்கினேன். மொத்தம் நூறு, அப்படியே நூறாகத்தான் நின்றது. இரண்டாம் இடத்தில் இருந்த கருவி முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஷீட்டைச் சேமித்துவிட்டுக் கீழே போய் ஒரு டீ குடித்தேன். இது நடந்தது 2016இல், ஓர் இரவு ஒன்பது மணி வாக்கில்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மென்பொருளை எழுதுவதற்கு முன் அதைப் படமாக வரைந்து வைக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அந்தப் படத்தை மாடல் என்போம். ஒரு வகை மாடலை இன்னொரு வகை மாடலாகத் தானாக மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. எல்லோரும் முதலில் போட்டுப் பார்க்கும் உதாரணம், கிளாஸ் படத்தை டேட்டாபேஸ் அட்டவணைகளாக மாற்றுவது. ஒரு கிளாஸுக்கு ஓர் அட்டவணை, ஒரு பண்புக்கு ஒரு பத்தி. ஒரே பண்புக்குப் பல மதிப்புகள் வருமென்றால் அதற்கெனத் தனி அட்டவணை. கேட்கச் சுலபம். வாகனத்துக்குள் ஓடும் மென்பொருளின் மாடலை இப்படி மாற்றப் போனால் தலை சுற்றும்.

எங்கள் டீமுக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. ஒப்பிட்டு ரிப்போர்ட் எழுதும் வேலை என்னிடம் வந்தது. மூன்றை எடுத்துக்கொண்டேன். பிரான்ஸின் நான்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்களிடமிருந்து வந்த ஏடிஎல். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பிறந்த எப்சிலான், அதில் மாடல் மாற்றத்துக்கென்றே உள்ள இடிஎல் மொழி. புடாபெஸ்ட்டிலிருந்து வந்த வியாட்ரா. மூன்றும் எக்லிப்ஸ் குடும்பம்தான், மூன்றும் இலவசம். இதில் ஏடிஎல்லில் எனக்கு ஆறு வருடப் பழக்கம். மற்ற இரண்டையும் நான் டெமோவில் பார்த்ததோடு சரி.

ஆறு வருடம் ஒரு மொழியில் புழங்கியவன் அதைப் புது ஆட்களோடு பந்தயத்தில் விட்டு, கொடியையும் அவனே அசைத்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். எங்கள் மேனேஜருக்கும் அது தெரிந்திருக்கும். அவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஸ்லைடு வேண்டும், அவ்வளவுதான். பழியை அவர் மேல் போட மாட்டேன். செய்தது நான்.

வேகச் சோதனையில் என்ன செய்தேன் என்பதை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்; இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அதன் வாடை தெரியும். ஒரு கிளாஸுக்கு அதன் சொந்தப் பண்புகளோடு, தாய் கிளாஸ், பாட்டி கிளாஸ் என்று மேலே இருந்து இறங்கி வரும் பண்புகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஏடிஎல்லில் இதை ஹெல்பராக எழுதினேன். ஹெல்பரைப் பண்பு வடிவில் எழுதினால் ஏடிஎல் ஒருமுறை கணக்கிட்டு விடையை வைத்துக்கொள்ளும், அடுத்த முறை கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடும். ஆறு வருடப் பழக்கத்தில் கை தானாக அப்படித்தான் எழுதும். இடிஎல்லில் அதே கணக்கைச் சாதாரண ஆபரேஷனாக எழுதினேன். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அது மேலே ஏறி, பாட்டிவரை போய், திரும்ப இறங்கி வந்தது. அதையும் கொண்டுபோய் ஒரு லூப்புக்குள், அந்த லூப்பை இன்னொரு லூப்புக்குள் வைத்திருந்தேன். மாடல் பெரிதாகப் பெரிதாக இடிஎல் நொண்டியது. ‘ஏழு மடங்கு மெதுவு’ என்று ஸ்லைடில் சிவப்புப் பட்டை போட்டேன்.

இதுவரை அறியாமை. மன்னித்துவிடலாம்.

ரிப்போர்ட்டைக் கொடுப்பதற்கு முந்தின இரவு, எப்சிலான் கையேட்டில் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தேன். ஆபரேஷனின் தலையில் ‘கேஷ்டு’ என்று ஒரே ஒரு குறிப்பு எழுதினால் அதுவும் விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று போட்டிருந்தது. அரை வரி. எழுதி ஓட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. நான் கையேட்டை மூடினேன். ‘இனிமேல் மாற்றினால் படங்களையெல்லாம் திரும்பப் போட வேண்டும்’ என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். படம் இரண்டுதான்.

வியாட்ராவுக்கு இழைத்தது வேறு மாதிரி. அது மாடலில் எது எதோடு பொருந்துகிறது என்பதை ரேட்டே என்ற வலைப்பின்னலாக நினைவகத்தில் கட்டி வைத்துக்கொள்ளும். மாடலில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் அந்த மாற்றம் மட்டும் வலை வழியே ஓடும்; எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. இந்த வசதிக்கு அது கொடுக்கும் விலை நினைவகம். நான் ஏடிஎல்லுக்கு 8 ஜிபி கொடுத்து ஓட்டினேன். வியாட்ராவை எக்லிப்ஸ் வழக்கமாக வைத்திருக்கும் வரம்பிலேயே விட்டேன். பெரிய மாடலில் அது மூச்சு முட்டி விழுந்தது. ‘தாங்கவில்லை’ என்று எழுதினேன். அப்படி விழுந்தும் மதிப்பெண்ணில் அதுதான் முதலில் வந்தது, சிறு மாற்றங்களைக் கையாள்வதில் அதை அடிக்க மற்ற இரண்டாலும் முடியாததால். அதனால்தான் அந்த 20ஐ 5 ஆக்கினேன்.

இந்தத் துறையில் நேர்மையான ஒப்பீடு எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மாடல் மாற்றக் கருவிகளுக்கென்றே ஒரு போட்டி இருக்கிறது. 2007இல் வேறு பெயரில் தொடங்கி, ஏறக்குறைய ஆண்டுதோறும் ஐரோப்பாவில் ஏதாவது ஒரு நகரத்தில் நடந்து வந்திருக்கிறது. ஒரே கணக்கை எல்லோருக்கும் கொடுப்பார்கள். அந்தந்தக் கருவியில் ஊறியவர்களே விடை எழுதுவார்கள். அதைப் படித்துக் குறை கண்டுபிடிக்கவென்று எதிராளி ஒருவரையும் நியமிப்பார்கள். 2009 கணக்கில் ஜாவா நிரல்களிலிருந்து எடுத்த மாடல்களைக் கொடுத்தார்கள். சிறியதில் 70 ஆயிரம் சொச்சம் உறுப்புகள், பெரியதில் ஏறக்குறைய 50 லட்சம். எல்லோருடைய கருவியும் எல்லோருக்கும் ஓட வேண்டும் என்பதற்காக ஐந்தோவன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் வான் கோர்ப் தரப்பினர் முழு மெஷினையே மெய்நிகராக நிறுவி வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து திரும்ப ஓட்டிப் பார்க்க முடிந்தது. நான் என் சோதனை ஸ்கிரிப்டைக் கம்பெனி ரெபாசிட்டரியில்கூட ஏற்றவில்லை. என் லேப்டாப்பில் வைத்திருந்தேன்.

நான் எடுத்த உதாரணமோ மேலே சொன்ன கிளாஸ்–அட்டவணைக் கணக்கு. ஏடிஎல்காரர்களே அதற்கு விடை எழுதித் தங்கள் தொகுப்பில் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன். மற்ற இரண்டுக்கும் நானே எழுதினேன், நான்கு நாளில். யார்க்குக்கும் புடாபெஸ்ட்டுக்கும் ‘இதைப் பாருங்கள், சரியா?’ என்று ஒரு மின்னஞ்சல் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. சரியில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அடுத்த ஆண்டு, 2017இல், ஜெர்மனியின் மார்பர்க்கில் நடந்த போட்டிக்குக் கொடுத்த கணக்கைப் படித்தபோது சிரித்தேன், கொஞ்சம் கூசவும் செய்தது. குடும்பங்களின் பட்டியலை ஆட்களின் பட்டியலாக்க வேண்டும். பிறகு ஆட்களின் பட்டியலில் கை வைத்தால் குடும்பப் பட்டியலும் மாற வேண்டும். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போது, ஓர் ஆண் புதிதாக வந்தால் அவன் அப்பாவா மகனா? புதுக் குடும்பமா, இருக்கிற குடும்பத்தில் ஒருவனா? கருவிக்கு எப்படித் தெரியும்? (கணக்கு குடும்பப் பெயரை நம்பிப் போட்டது. தலைமுறைக்குத் தலைமுறை இன்ஷியல் மாறும் நம் ஆட்களைக் கொடுத்திருந்தால் இன்னும் திண்டாடியிருப்பார்கள்.) தங்கள் கருவி எங்கே திணறும் என்று தேடிப்போய்க் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான் என் கருவி எங்கே திணறாது என்று தேடினேன்.

ரிப்போர்ட்டைப் பாராட்டினார்கள். ஏடிஎல்லில் வேலை தொடங்கியது. நல்ல கருவிதான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் நான் 5 மதிப்பெண்ணுக்கு இறக்கிய அந்த வரிசை மூன்றாம் மாதமே வந்து கதவைத் தட்டியது. மூல மாடலில் யாரோ ஒரு பெயரைத் திருத்தினால்கூட, இரவு முழு மாடலையும் மறுபடி உருவாக்கினோம். இலக்கு மாடலில் இன்ஜினியர்கள் கையால் சேர்த்திருந்ததெல்லாம் காலையில் காணாமல் போயிருக்கும். அதைக் காப்பாற்றிப் பழையபடி ஒட்ட வைக்கத் தனியாக ஒரு ஜாவா புரோகிராம் எழுத வேண்டி வந்தது. அதை எழுதியது, கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண். எட்டு மாதம் அதிலேயே கிடந்தாள்.

ஒருநாள் அவள் ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் சீட்டுக்கு வந்தாள்.

“அண்ணா, இன்கிரிமென்டலுக்கு ஏன் வெறும் அஞ்சு மார்க்கு?”

“அப்போ அது நமக்குத் தேவைப்படலம்மா.”

“வியாட்ராவுக்கு எவ்வளவு மெமரி கொடுத்தீங்கண்ணா? அது இதுல போடலையே. ஸ்கிரிப்ட் இருந்தா கொடுங்க, ஓட்டிப் பார்க்கறேன்.”

“பழைய லேப்டாப்புல இருந்துச்சும்மா. போயிடுச்சு.”

போகவில்லை. அன்றைக்கும் அது என் பையில்தான் இருந்தது. அவள் என்னைச் சில நொடிகள் பார்த்துவிட்டு “சரிங்கண்ணா” என்று போனாள். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வருடம் வேறு இடத்துக்குப் போய்விட்டாள். நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அவள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தேன். இடிஎல் நிரலில் அந்த ஒரு குறிப்பைச் சேர்த்தேன். ஏழு மடங்கு வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. வியாட்ராவுக்கு 8 ஜிபி கொடுத்தேன், விழவில்லை. அதை எடுத்திருந்தால் எங்கள் சிக்கல் எல்லாம் தீர்ந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், கற்கவே எங்களுக்கு மாதங்கள் ஆகியிருக்கும். ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே டீமுக்குக் கிடைக்கவில்லை. வாரக் கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். இரண்டு முறையும் வேறு பேச்சு வந்தது, நானும் விட்டுவிட்டேன்.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்துவிட்டேன். ரிப்போர்ட் அவர்கள் உள்தளத்தில் இன்னும் இருக்கிறதாம். போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் வேறொரு புராஜெக்டுக்கு அதை வைத்தே கருவி தேர்ந்தெடுத்திருக்கிறான் என்று பழைய நண்பர் ஒருவர் பெருமையாகச் சொன்னார். அவரிடம் உண்மையைச் சொல்லி, ஸ்கிரிப்டையும் அனுப்பிவிட்டேன். அந்த ரிப்போர்ட் கையில் இருப்பவர்கள் வேறு யாராவது இதைப் படித்தால், சிவப்புப் பட்டை போட்ட அந்தப் படத்தை நம்பாதீர்கள். அது தப்பு. போட்டவன் நான்.