மைதானத்துக் கூடாரத்தில் ஒரு வழக்கு

கல்கத்தாவுக்குப் போகிற நம்மவர்கள் எல்லோரிடமும் ஒரே ஜாபிதாதான் இருக்கிறது. காளிகாட்டில் தரிசனம், ஹௌரா பாலத்தில் ஒரு நடை, விக்டோரியா மண்டபத்தின் எதிரே நின்று ஒரு போட்டோ, திரும்பும்போது டின்னில் அடைத்த ரஸகுல்லா. (சர்க்கார் 2001-ல் ஊரின் பெயரைக் கொல்கத்தா என்று திருத்திவிட்டது. ஆனாலும் நம் வாயில் கல்கத்தா என்றுதானே வருகிறது? அப்படியே இருக்கட்டும்.) அடுத்த தடவை போகும்போது, வாசகர்களே, அந்த ஜாபிதாவில் இன்னும் ஒரு வரி சேர்த்துக் கொள்ளுங்கள்: ஈஸ்ட் பெங்கால் கால்பந்து சங்கத்தின் கூடாரம். வங்காளி பாஷை தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் பாதகமில்லை. கால்பந்தைப் பற்றி இரண்டு பேர் சண்டை போட்டுக் கொள்வதைப் புரிந்துகொள்ள பாஷை எதற்கு?

மெட்ரோ ரயிலில் எஸ்பிளனேடில் இறங்கி மேற்கே நடந்தால் மைதானம் வந்துவிடும். நம் தீவுத்திடலை மனத்தில் வைத்துக் கொண்டு போனால் திகைத்துப் போவீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. வில்லியம் கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவதற்கு எதுவும் மறைக்கக் கூடாது என்று வெள்ளைக்காரர்கள் காட்டை அழித்து வெட்டவெளியாக்கிய இடம் அது. இன்றும் ராணுவத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. நினைத்தபடி கட்டடம் எழுப்ப யாருக்கும் அனுமதி இல்லை. அதனால்தான் நூறு வயது தாண்டிய பெரிய சங்கங்கள்கூடத் தங்கள் ஜாகையைக் ‘கூடாரம்’ என்றே சொல்லிக் கொள்கின்றன. மோகன் பகானுக்கு ஒரு கூடாரம், முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு ஒரு கூடாரம், சிவப்பும் தங்க நிறமும் கொடியாகக் கொண்ட ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு கூடாரம்.

சண்டை என்றேன் அல்லவா? அந்தச் சங்கம் பிறந்ததே ஒரு சண்டையில்தான். 1920-ஆம் வருஷம் ஜூலை 28-ந் தேதி ஜோராபகான் என்ற கோஷ்டி மோகன் பகானை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. ஷைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைக் காரணம் சொல்லாமல் கோஷ்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்தச் சங்கத்தின் உப தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி, ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டார். பதில் வரவில்லை. ராஜிநாமாக் கடிதத்தை நீட்டினார். நாலே நாளில், ஆகஸ்ட் 1-ந் தேதி, சிநேகிதர்களோடு சேர்ந்து புதுச் சங்கம் ஆரம்பித்துவிட்டார். கிழக்கு வங்காளத்துக்காரர்களை இளப்பமாக நடத்துகிறார்கள் என்ற மனக்குறை அதற்குப் பின்னால் இருந்தது. பெயரும் ஈஸ்ட் பெங்கால் என்றே வைத்தார்கள்.

ஆகவே, இன்றைக்குக் கூடாரத்து வாசலில் மண்குவளைத் தேநீரும் கையுமாக நின்று, “அவனை ஏன் இறக்கவில்லை? இவனை ஏன் ஏற்றினார்கள்?” என்று கேட்கிற ரஸிகரைப் பார்த்து, வேலையற்ற மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்தாபகர் கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்கிறார்.

கல்கத்தாவில் பூர்விகக் குடிகளுக்குக் கோட்டி என்று பெயர். (திருநெல்வேலி வாசகர்கள் சிரிக்க வேண்டாம், வங்காளத்தில் அதற்கு வேறு பொருள்.) கிழக்கேயிருந்து வந்தவர்கள் பாங்கால். கோட்டிக்கு மோகன் பகான், பாங்காலுக்கு ஈஸ்ட் பெங்கால். 1947-ல் தேசம் பிளவுபட்டபோது, பாங்கால் என்ற சொல்லின் கனமே மாறிப் போயிற்று. டாக்காவிலும் பரிசாலிலும் வீடு, தோப்பு, குளம் என்று வாழ்ந்தவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து ஜாதவ்பூர்ப் பக்கத்துக் காலனிகளில் குடிசை போட்டுக் கொண்டார்கள். விட்டு வந்த ஊருக்குத் திரும்ப வழியில்லை. அந்த ஊரின் பெயரோடு கல்கத்தா நடுவில் ஒரு சங்கம் இருந்தது. அது ஜெயிக்கவும் செய்தது. 1949-லிருந்து சில வருஷங்கள் அந்தச் சங்கத்தின் முன்வரிசையில் ஆடிய வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரையும் ‘பஞ்ச பாண்டவர்கள்’ என்றே ஊர் கொண்டாடியது. ஐந்து பேருமே நம் தெற்குச் சீமைக்காரர்கள் என்பதை இங்கே கொஞ்சம் மார்தட்டிச் சொல்லிக் கொள்ளலாம்.

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அன்று இலிஷ் மீன் விலை ஏறும். நம் ஊரில் உல்லம் என்கிறோமே, அதுதான். மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும். மீன் கூடைக்காரர்கள் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்.

இனி வழக்குக்கு வருவோம். கூடாரத்தில் எத்தனையோ வழக்குகள் உண்டு. நான் சொல்வது 2024-25 சீஸனின் நடுவே நடந்தது.

இந்தியன் சூப்பர் லீகில் ஈஸ்ட் பெங்கால் 2020-ல் சேர்ந்தது. முதல் சீஸனில் ஒன்பதாம் இடம். இரண்டாவதில் கடைசி. அடுத்த இரண்டிலும் மறுபடி ஒன்பது. ‘ஒன்பதாம் நம்பர்’ என்றால் கால்பந்தில் கோல் அடிக்கிறவன் போடுகிற சட்டை. கூடாரத்தில் அதுவே வயிற்றெரிச்சலுக்கு மறுபெயர் ஆகிவிட்டது. நடுவில் 2021 ஜூலையில், பணம் போடுகிற கம்பெனியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நிர்வாகிகள் இழுத்தடிக்க, ரஸிகர்களே இரண்டு கட்சியாகக் கூடாரத்து வாசலில் மோதிக் கொண்டு, போலீஸ் தடியடி நடத்துகிற வரைக்கும் போயிற்று.

இந்த இருட்டில் ஒரு விளக்கு ஏற்றியவர் கார்லஸ் குவாத்ராத் என்கிற ஸ்பெயின் தேசத்துப் பயிற்சியாளர். 2023 ஆகஸ்டில், டூராண்ட் கோப்பையில், தொடர்ச்சியாக 8 தடவை தோற்ற பிறகு மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. ஒரே கோல். அதை அடித்தவர் நம் சென்னை நந்தகுமார் சேகர். அன்று இலிஷ் மீன் என்ன விலை விற்றிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையும் கிடைத்தது. 12 வருஷத்துக்குப் பிறகு தேசிய அளவில் ஒரு கோப்பை. இறுதி ஆட்டத்தில் ஒடிசாவை 3-2 என்று ஜெயிக்க, கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோல் போட்டவர் கிளெய்டன் சில்வா. குவாத்ராத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டு கூத்தாடினார்கள்.

கோப்பை வந்த கையோடு நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. போர்ஹா ஹெர்ரேரா என்ற ஆட்டக்காரரை, சீஸன் பாதியிலேயே, கோவா கோஷ்டிக்கு இரவல் கொடுத்துவிட்டது. கொடுத்த பொருள் திரும்பி வரவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்த சீஸனுக்குத் தடபுடலாக ஆள் சேர்த்தார்கள். முந்தின வருஷம் லீகில் அதிக கோல் அடித்த கிரேக்கர் டயமன்டகோஸ் வந்தார். பஞ்சாபிலிருந்து மாதி தலால் வந்தார். மோகன் பகானிலிருந்து அன்வர் அலி வந்தார். அதற்குத் தனியாகக் கோர்ட்டு வழக்கே நடந்தது. செப்டம்பரில் லீக் தொடங்கியது. பெங்களூரிடம் தோல்வி. கொச்சியில் தோல்வி. மூன்றாவது ஆட்டம் சொந்த ஊரில், சால்ட் லேக் ஸ்டேடியத்தில், கோவாவோடு. 3-2 என்று தோல்வி. கோவாவின் மூன்று கோலையும் அடித்தவர் யார் தெரியுமா? இரவல் போன அதே போர்ஹா ஹெர்ரேரா!

அன்றிரவு கல்கத்தாவில் பாதிப் பேர் தூங்கியிருக்க மாட்டார்கள். செப்டம்பர் 30-ந் தேதி குவாத்ராத் பதவியை விட்டு விலகினார். கோப்பை வாங்கி எட்டு மாதந்தான் ஆகியிருந்தது.

கட்சி பிரிந்தது. “மூன்றே ஆட்டத்தில் ஒரு மனிதனை அனுப்பிவிடுவதா? போன ஜனவரியில் இவரைத்தானே தெய்வம் என்றீர்கள்?” என்று ஒரு கட்சி. “கோவில் கட்டினால் பூசை ஒழுங்காக நடக்க வேண்டாமா? ஆகஸ்டிலேயே ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் துருக்மெனிஸ்தான் கோஷ்டியிடம் தோற்றோம், டூராண்டில் ஷில்லாங் லஜோங்கிடம் தோற்றோம், அப்போதே விழித்திருக்க வேண்டும்” என்று எதிர்க்கட்சி. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு குரல் கேட்கும். அது பெரும்பாலும் வயதானவர்களுடைய குரல். “பயிற்சியாளர் வருவார், போவார். போர்ஹாவை அனுப்பிய கை யாருடையது? அவர் மட்டும் நாற்காலியில் அப்படியே இருக்கிறாரே!”

எனக்கு மூன்றாவது கட்சியின் வாதந்தான் பலமாகப் படுகிறது. ஆனால் கால்பந்தில் சரியான வாதத்துக்குப் பாயிண்ட் கிடையாது. ஜாம்ஷெட்பூரிடம் நாலாவது தோல்வி. மோகன் பகானிடம் ஐந்தாவது. ஒடிசாவிடம் ஆறாவது. ஆறு ஆட்டம், பாயிண்ட் பூஜ்யம்.

இதற்குள் புதுப் பயிற்சியாளர் வந்து சேர்ந்திருந்தார். ஆஸ்கார் புரூஸோன், இவரும் ஸ்பெயின்காரர். எங்கிருந்து வந்தார் என்பதில்தான் விசேஷம். டாக்காவின் பசுந்தரா கிங்ஸ் கோஷ்டிக்கு ஐந்து வருஷம் தொடர்ச்சியாக வங்கதேச லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் அவர். பாட்டனார் விட்டு வந்த டாக்காவிலிருந்து, பேரப் பிள்ளைகளின் கோஷ்டியைக் கைதூக்கிவிட ஆள் வருகிறது! அந்த மாதக் கடைசியில் பூட்டான் தேசத்தில் ஆசியச் சாலஞ்ச் லீக் ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் அங்கே அதே பசுந்தரா கிங்ஸை 4-0 என்று தோற்கடித்தது. கால் இறுதிக்கும் போயிற்று.

நவம்பர் 9-ந் தேதி முகமதன் ஸ்போர்ட்டிங்கோடு லீக் ஆட்டம். அரை மணி நேரம் ஆவதற்குள் நம் நந்தகுமாருக்குச் சிவப்பு அட்டை. அடுத்த நிமிஷமே மகேஷ் சிங்குக்கும் சிவப்பு அட்டை. ஒன்பது பேர் மிச்சம். மறுபடி அந்தப் பாழாய்ப் போன ஒன்பது! இன்னும் ஒரு மணி நேரம் ஆட வேண்டும். ஒன்பது பேரும் கோல் வாசலை மறித்து நின்றார்கள். கடைசிவரை கோல் விழவில்லை. சீஸனின் முதல் பாயிண்ட் அப்படித்தான் வந்தது. மூன்று வாரம் கழித்து முதல் வெற்றி. டிசம்பர் 17-ல் பஞ்சாபுக்கு எதிராக இடைவேளையில் 0-2 என்று பின்தங்கியிருந்தவர்கள், பிற்பாதியில் நாலு கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கோஷ்டி கோபுரம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தலாலுக்கு முழங்காலில் அடிபட்டு சீஸனே போயிற்று. ஜனவரியில், கௌஹாத்தியில் நடந்த ஆட்டத்தில், மோகன் பகானிடம் மறுபடி தோல்வி. சூப்பர் கோப்பை வாங்கித் தந்த கிளெய்டன் சில்வாவையும் சீஸன் நடுவில் வழியனுப்பிவிட்டார்கள். கூடாரத்தில் அது ஒரு தனி வழக்கு. கடைசியில் 24 ஆட்டத்தில் 28 பாயிண்ட், 13 கோஷ்டிகளில் எத்தனையாம் இடம் என்று நினைக்கிறீர்கள்? ஒன்பது! மோகன் பகானோ அந்த வருஷம் லீக் கேடயம், கோப்பை இரண்டையும் வாரிக் கொண்டு போய்விட்டது.

ஆனால் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படும். முதல் ஆறு ஆட்டத்தைத் தள்ளிவிட்டால், பாக்கி 18 ஆட்டத்தில்தான் அந்த 28 பாயிண்டும் வந்திருக்கிறது. ஆட்டத்துக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். ஆறாம் இடம் பிடித்து அடுத்த சுற்றுக்குப் போன மும்பை கோஷ்டிக்கு 24 ஆட்டத்தில் 36, சரியாக ஒன்றரை. அதாவது, நவம்பரிலிருந்து ஆடிய ஈஸ்ட் பெங்கால் மேல்வரிசைக் கோஷ்டி. அக்டோபர் வரை ஆடிய ஈஸ்ட் பெங்கால் அதன் காலை வாரிவிட்டது. ஆளை மாற்றியது சரிதான் என்று ஒரு கட்சி இந்தக் கணக்கைக் காட்டும். மாற்றியது சரியென்றால் ஆகஸ்டிலேயே அல்லவா மாற்றியிருக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி அதே கணக்கைத் திருப்பிக் காட்டும்.

ஒன்று சொல்ல விட்டுப் போயிற்று. லீக் தொடங்குவதற்கு முன்னால், 2024 ஆகஸ்ட் 18-ந் தேதி, ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் டூராண்ட் ஆட்டம் நடக்க வேண்டியது. ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் கொலையுண்டு, நகரமே கொந்தளித்துக் கொண்டிருந்த சமயம். பந்தோபஸ்துக்குப் போலீஸ் போதாது என்று ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஆனாலும் ரஸிகர்கள் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். ஈஸ்ட் பெங்கால் சட்டை, மோகன் பகான் சட்டை, முகமதன் சட்டை மூன்றும் தோளோடு தோள் உரசி நின்று, அந்தப் பெண்ணுக்கு நியாயம் கேட்டன. தடியடி விழுந்தபோதும் சேர்ந்தே வாங்கிக் கொண்டார்கள். மீன் விலையைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

லீக் தொடங்கியதும் பழையபடி அவரவர் கூடாரத்துக்குப் போய்விட்டார்கள். நீங்கள் போகும்போது நாலு மணிக்கு மேல் போங்கள்; வெயில் தாழ்ந்தால்தான் கூட்டம் சேரும். வழியில் எலுமிச்சைத் தேநீரும் ஜால்முரிப் பொரியும் கிடைக்கும். சென்னையிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் நந்தகுமாரைப் பற்றிக் கேட்பார்கள். கோல் அடித்த நந்தகுமாரா, சிவப்பு அட்டை வாங்கிய நந்தகுமாரா என்று தெரிந்து கொண்டு பதில் சொல்லுங்கள். போர்ஹா ஹெர்ரேராவின் பெயரை மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள். எடுத்தால் கடைசி மெட்ரோவைப் பிடிக்க முடியாது.