பி.டி. சாருக்கெல்லாம் சார்



பரீட்சை நெருங்கினால் நம்ம பி.டி. பீரியட் கணக்கு பீரியடா மாறிடும். பி.டி. ஒரு பாடமே இல்லைன்னு நினைப்பு! அது பாடம்தான்னு காட்ட ஒருத்தர் கடல் தாண்டி வந்தார். பெயர் ஹாரி குரோ பக். அமெரிக்கர். விளையாட்டையே பாடமாகச் சொல்லித்தரும் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்தவர். 1891-ல் கூடைப்பந்து பிறந்ததே அங்கேதான்!

1919-ல் சென்னை வந்து, 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பி.டி. ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு மேனேஜராகப் போனார். ஆனாலும் அவருக்கு வேலை இங்கேதான். 1943-ல் இறக்கும்வரை ஆசிரியர்களுக்கே ஆசிரியராக இருந்தார். நம்ம வெயிலில் இத்தனை வருஷம்!

பூந்தமல்லியில் பஸ் ஏறினால் போரூர், கிண்டி, சைதாப்பேட்டை தாண்டி நந்தனம். கல்லூரி அங்கேதான் இருக்கு. பெண்களும் படிக்கிறாங்க. பிளஸ் டூ முடிச்சு அங்கே சேரணும்னு வீட்டில் சொன்னேன்.

"ஓடுறதுக்கு ஒரு காலேஜாடி?" என்று அம்மா சிரிச்சாங்க. பாட்டியும் சிரிச்சாங்க.

அப்பா மட்டும், "பீஸ் எவ்வளவும்மா?" என்று கேட்டார்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி