கிளிக்கு எதுக்கு சன்ஸ்கிரீன்?

நம்மூர்க் கடைகளில் கூண்டில் அடைத்து "லவ் பேர்ட்ஸ்" என்று விற்கிறார்களே, அந்தக் குட்டிக் கிளிகளில் பல உண்மையில் பட்ஜிகள். சொந்த ஊர் ஆஸ்திரேலியா.

இவற்றின் உச்சந்தலை மஞ்சளில் ஒரு விசேஷம் உண்டு. அந்த இறகுகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உள்வாங்கி, மஞ்சள்பச்சை ஒளியாகத் திருப்பி விடும். இதுதான் ஃபுளோரசன்ஸ். மின்மினி மாதிரி சொந்த வெளிச்சம் இல்லை. வெளியிலிருந்து கதிர் பட்டால்தான் ஒளிரும்.

சரி, இது ஜோடியைக் கவரவா? கேத்ரின் அர்னால்டும் குழுவினரும் 2002-ல் வெளியிட்ட சோதனை ரொம்ப சிம்பிள். சில கிளிகளின் தலையில் சன்ஸ்கிரீன் தடவிவிட்டார்கள்! கதிர் உள்ளே போகாது, ஒளிர்வும் வராது. ஆண், பெண் இரண்டுமே ஒளிரும் ஜோடியைத்தான் அதிகம் நாடின. ஆணுக்கு ஆணையும் பெண்ணுக்குப் பெண்ணையும் காட்டியபோது அந்த விருப்பம் இல்லை.

கதை இதோடு முடிந்தால் சுபம். ஆனால் 2001-லேயே பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு மாதிரி சொல்லியிருந்தார்கள். பட்ஜிகளுக்குப் புற ஊதாவே கண்ணுக்குத் தெரியும். பெண் கிளி கவனிப்பது இறகு பிரதிபலிக்கும் அந்தப் புற ஊதாவைத்தான், ஒளிர்வை அல்ல என்பது அவர்கள் முடிவு.

ஒரே கிளி, ஒரே இறகு, இரண்டு பதில்கள்!

தேள்கூட புற ஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிர்கிறது. அதற்காக அது யாருக்கோ சேதி சொல்கிறது என்று ஆகிவிடுமா? பார்க்கிற இன்னொரு உயிர் அதனால் நடந்துகொள்ளும் விதம் மாற வேண்டும். அதுவரை அது வெறும் ஒளி. நம் கண்ணுக்கு அழகாக இருப்பது மட்டும் சாட்சி ஆகாது.