பச்சைக் குழாய்

அப்பா காலமாகி வருஷம் திரும்பியதும், அவருடைய தகரப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. பெட்டி நிறையப் பச்சையும் பழுப்புமாக ரெஸிஸ்டர்கள். பீங்கான் குழாயில் மெல்லிய கம்பியைச் சுற்றி, மேலே கண்ணாடிப் பூச்சுப் பூசிச் சுட்டெடுத்தவை. மின்சாரத்தைத் தடுத்து, தடுத்ததைச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுவது அவற்றின் உத்தியோகம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோவதற்கு முன்னால் அப்பா அங்கே பொறுக்கி வந்தவையும் உண்டு.

கடைக்காரர் எடை போட்டு விலையும் சொல்லிவிட்டார். அம்மா குறுக்கே வந்தாள்.

"அந்த ரேடியோவை ஒரு தரம் பாட வச்சுட்டு அப்புறம் போடுடா."

அது டிரான்ஸ்பார்மர் இல்லாத பழைய வால்வு ரேடியோ. ஐந்து வால்வுகளின் இழைகளையும் மாலை கோத்தாற்போல் வரிசையாக இணைத்திருந்தது. அவற்றுக்கு வேண்டியது சுமார் 115 வோல்ட். சுவரிலிருந்து வருவதோ 230. மீதியை விழுங்க வேண்டிய ரெஸிஸ்டர் அறுந்துவிட்டிருந்தது. ஓடும் மின்சாரம் 0.1 ஆம்பியர். ஆகவே 1150 ஓம், பதினொன்றரை வாட். கல்லூரியைப் பாதியில் விட்ட எனக்கே இந்தக் கணக்கு வந்துவிட்டது.

குழாயை அடையாளம் காண்பதுதான் வரவில்லை. பாதிக்குமேல் எழுத்து அழிந்துவிட்டது. ஒன்றில் '4ஆர்7' என்றிருந்ததை நாற்பத்தேழு என்று படித்தேன். அப்பாவிடம் தொழில் கற்ற மெக்கானிக் சிரித்துவிட்டார். 'ஆர்' நிற்கிற இடத்தில் புள்ளியாம், 4.7 ஓம்!

அடுத்ததை மீட்டரில் வைத்தேன். கச்சிதமாக 1150. எனக்கு ஒரே சந்தோஷம். அவர் முனையிலிருந்த தகட்டை லேசாக அசைத்தார், முள் படுத்துவிட்டது. தகட்டுக்கு அடியில் களிம்பேறிக் கம்பி அற்றிருந்தது. சும்மா ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது 1160 காட்டியது. அசைத்தும் மாறவில்லை. ஆனால் எத்தனை வாட் தாங்கும்? அதை மீட்டர் சொல்லாது. அதே நீளமும் பருமனும் உள்ள இன்னொன்றைப் பெட்டியில் தேடிப் பிடித்தோம். அதில் 25 வாட் என்று எழுத்து மிஞ்சியிருந்தது.

"பாதிதான் நம்பணும், தம்பி. அது காத்தாட இருக்கறப்போ போட்ட கணக்கு. ரேடியோ பெட்டிக்குள்ளே காத்து ஏது?" என்றார் அவர்.

பாதி என்றால் பன்னிரண்டரை. நமக்கு வேண்டியது பதினொன்றரை. பிழைத்தோம்.

அவருடைய பட்டறையில் 115 வோல்ட் கொடுத்து அரைமணி வைத்தோம். உடனே புகை கிளம்பியது. நான் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தேன். "தூசி" என்றார், நகராமல். சற்றைக்கெல்லாம் புகை அடங்கியது. அவர் மரக்குச்சியால் குழாயைத் தட்டித் தட்டிப் பார்த்தார். முள் நடுங்கவில்லை.

பழைய காகிதக் கண்டென்ஸர்களையும் மாற்றி, குழாயை அவற்றுக்கு எட்டாத உயரத்தில் பொருத்திக் கொடுத்தார். இந்த ரகத்தில் உள்சட்டத்திலேயே மின்சாரம் பாயும். அம்மாவை அருகில் வரவேண்டாம் என்று அதட்டினேன். சிறு வயதில் அப்பா என்னை அதட்டிய அதே வார்த்தைகள்.

அரை நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ரீங்காரம். அதற்குள்ளிருந்து யாரோ ஒரு பெண்மணி செய்தி வாசித்தாள். அம்மா அதைக் கேட்கவில்லை. பெட்டியின் பின்புறத்திலிருந்து சூடான தூசியும் வார்னிஷும் கலந்து ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது.

"உங்கப்பா சட்டை வாசனைடா" என்றாள்.

மறுவாரம் காயலான் கடைக்காரர் வந்தபோது தகரப் பெட்டி அம்மாவின் கட்டிலுக்கு அடியில் இருந்தது.