திரைக் கயிறு

நண்பர் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் வந்து மாட்டி ஆறு மாதம் ஆகிறது. வெள்ளை வெளேரென்று ஓர் அரண்மனை மண்டபம், சுருட்டிக் கட்டிய சிவப்புத் திரைகள், பூப்போட்ட கம்பளத்தில் திண்டில் சாய்ந்து ஹூக்கா இழுக்கும் மகாராணா. உதய்ப்பூரில் வாங்கியது. 200 வருடப் பழசு என்று கடைக்காரர் சொன்னாராம். பழுப்பேறிய தாளின் தலைப்பில் முத்திரையும் உருது எழுத்தும் வேறு. “எப்படியும் அந்தப் பக்கம் போகிறாய், விசாரித்துவிட்டு வா” என்று படத்தைக் கைபேசியில் அனுப்பிவைத்தார்.

ஜகதீஷ் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் எங்கு திரும்பினாலும் ஓவியக் கடை. வாசலில் ஒரு பையன் நம் கட்டைவிரல் நகத்தில் இலவசமாக யானை வரைந்துவிடுவான். அப்புறம் சும்மா வெளியே வர முடியாது. எனக்கும் ஒரு யானை கிடைத்தது. அந்தப் பையனையே பிடித்து, “உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டுக் கேட்டு அவனுடைய குருவின் வீட்டு மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

எழுபது வயதிருக்கும். தரையில் சம்மணமிட்டு, சாய்மேசை மேல் குனிந்திருந்தார். ஏறிட்டுப் பார்க்காமலே “வாங்க பாயி சாப்” என்றார். சீடர்கள் மூன்று பேர். கல்லை அரைத்து, பிசின் கலந்து நிறம் எடுப்பதை ஒரு சீடன் விளக்கத் தொடங்கினான். என் அரைகுறை இந்திக்குப் பாதி பிடிபடவில்லை. மீதிப் பாதியில் கண் சொக்கிவிட்டது.

விழித்துக்கொண்டது காகாவைப் பார்த்தபோதுதான். பறக்கிற காக்கா இல்லை. படத்தின் கோடுகள் நெடுகிலும் ஊசியால் பொடிப்பொடியாகத் துளையிட்ட அச்சுத்தாளுக்கு அங்கே அதுதான் பெயர். பெரியவருடையது தாள்கூட இல்லை, மான் தோல். அவர் அப்பா துளையிட்டது. துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வளைவுகள், தூண்கள், கம்பளத்தின் ஒவ்வொரு பூவும் வெறும் ஒளிப்புள்ளிகளாகத் தெரிந்தன. புதுத் தாளின் மேல் அதை விரித்து, கரித்தூள் முடிந்த சிறு பொட்டலியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். தோலைத் தூக்கியதும் கீழே ஓர் அரண்மனை, மார்கழிப் புள்ளிக் கோலம் மாதிரி, கோட்டுக்காகக் காத்திருந்தது.

உதய்ப்பூரை ஆண்ட மேவார் ராணாக்களின் ஓவியர்களுக்கு ராஜா மட்டும் போதவில்லை, வீட்டையும் வரைந்தார்கள். இரண்டாம் அமர் சிங் (1698–1710), அடுத்துப் பட்டமேறிய இரண்டாம் சங்கிராம் சிங் (1710–1734) காலத்தில் படங்கள் அகலமாயின. முற்றமும் மாடமும் தோட்டமும் ஒரே தாளில் வந்தன. ஒரே படத்தில் ராணா இரண்டு மூன்று இடங்களில் இருப்பார், இங்கே நடந்து வருவார், அங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். அவருக்குப் பின் வந்த இரண்டாம் ஜகத் சிங் 1746-இல் ஏரி நடுவே கட்டி முடித்த ஜக்நிவாஸ் அரண்மனை இப்போது ஹோட்டல். அந்தக் காலத்து அசல் ஓவியங்களில் ஒரு பெரிய தொகுப்பு மெல்போர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பெரியவர் பக்கத்தில் அந்த ஊர்ப் புத்தகம் ஒன்று முனை மடிந்து கிடந்தது. சொந்த ஊர் அரண்மனையை வரைய ஆஸ்திரேலியப் புத்தகத்தைப் புரட்டுகிறார்.

கம்பளமும் திரையும் சீடர்கள் கை. முகம் அவருடையது. புறா இறகின் தண்டில் செருகிய அணில் வால் முடித் தூரிகை, நுனியில் ஒற்றை முடி. கண் இமையைப் போடும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த நானும்தான்.

நண்பர் படத்தின் அந்தப் பழுப்புத் தாள்? பழைய சமஸ்தானத்து முத்திரைத் தாள்களைக் கடைக்காரர்களே கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுகிறார்கள். எந்த ஊர் வீட்டுப் பத்திரமோ, எவருடைய கடன் வழக்கோ, அதன்மேல் ராணா ஹூக்கா பிடிக்கிறார். பழசு போதாதென்றால் தேயிலைத் தண்ணீர். “நான் எந்தப் படத்தையும் பழசு என்று சொன்னதில்லை. நகல் என்றுதான் கொடுக்கிறேன். வாசல் தாண்டினால் அதற்கு வயதாகிவிடுகிறது” என்றார். ஆட்டோக்காரருக்குக் கமிஷன், வழிகாட்டிக்குக் கமிஷன், கடைக்காரருக்கு லாபம். மூன்று வாரம் குனிந்தவருக்கு இது மாதிரி ஒரு படத்துக்கு 1,500 ரூபாய். முகத்தை வரைந்தவரின் பெயர் படத்தில் எங்கும் இருக்கக் கூடாதாம், இருந்தால் 200 வருடம் பொய்யாகிவிடுமே. திருட்டுக்கு நம் ஊரில் வேறு பெயர் இருக்கிறதா தெரியவில்லை.

கைபேசியை நீட்டினேன். நிறம் ஒட்டிய சுண்டுவிரலால் படத்தைப் பெரிதாக்கி, முகத்தை விட்டுவிட்டு நேரே திரைக்குப் போனார். இடமிருந்து மூன்றாவது திரையின் கயிறு பாதியில் நின்றது. முடிச்சுமில்லை, ஆணியுமில்லை, அந்தரத்தில் தொங்கிற்று. மான் தோலை மறுபடி விரித்து அதே இடத்தைக் காட்டினார். அரை அங்குலம் கிழிந்து ஒட்டுப்போட்டிருந்தது. ஒட்டில் துளை இல்லை. கரி இறங்காத அந்த இடத்தை அவர் எப்போதும் கையாலேயே இழுத்து முடித்துவிடுவாராம்.

“இது உன் கையா?” என்றார் யானைப் பையனிடம். அவன் தலையைச் சொறிந்தான். தீபாவளி சீசன் அவசரம், குருஜி.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். “உங்கள் நண்பர் எவ்வளவு கொடுத்தார்?”

18,000. வாய் வரவில்லை. ஐயாயிரம் என்றேன்.

தூரிகையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, பையனைப் பார்த்தார். பையன் என்னைப் பார்த்தான்.